கவிழ்த்து வைத்த நான்கு டிரம்கள்

சேவை செய்யக் கிளம்புகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நானும் அப்படிக் கிளம்பியவள்தான். பொங்கல் முடிந்த அடுத்த வாரம், தக்கலைப் பக்கத்து எங்கள் கத்தோலிக்கப் பங்கிலிருந்து இளையோர் பன்னிரண்டு பேர் மூன்று நாள் பயணமாகக் கோவில்பட்டிக்குப் போனோம். ஆளுக்கொரு மஞ்சள் டீசர்ட், எட்டடி நீளத்தில் பேனர், நான்கு மூட்டை பழைய துணி, பெட்டி பெட்டியாக பிஸ்கட். கரிசல் காட்டில் மக்காச்சோளக் கதிர் ஒடிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் கூலி மக்களுக்கு உதவப் போகிறோம் என்று பூசை முடிவில் அறிவித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றவும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சர். அதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தலைவன் ஆன்டோ, டிப்ளமோ முடித்து ஊரிலேயே எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன். நல்லவன். எதையும் கையோடு செய்து முடித்துவிட வேண்டும் அவனுக்கு. போன வருஷம் எங்கள் ஊரில் டெங்கு வந்தபோது வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைக் கொட்டியவன். தொட்டியைக் கழுவி, சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு, பஞ்சாயத்தில் பாராட்டும் வாங்கினான். இதை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ரயிலை விட்டு இறங்கியதும் வாயில் முதலில் பட்டது தூசி, இரண்டாவது கடலை மிட்டாய். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கி, வேனுக்குக் காத்திருந்த நேரத்திலேயே தின்று தீர்த்தோம். மதியம் ஒரு ஹோட்டலில் இலைச் சாப்பாடு. எங்கள் பக்கத்துச் சிவப்பரிசிச் சோறும் மீன்கறியும் தின்று பழகிய நாக்குக்கு அந்தச் சாம்பாரின் காரம் சுரீரென்று ஏறியது. இலை போட்டதும் ஆன்டோ ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே இலையில் ஊற்றிக் கழுவிக் கீழே சாய்த்தான். பக்கத்து மேசைப் பெரியவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"தம்பி எந்த ஊரு?"

"கன்னியாகுமரி மாவட்டம்."

"அதான்" என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் சோற்றைப் பிசைந்தார். நாங்கள் சிரித்தோம். எங்கள் மாவட்டத்தின் புகழ் இதுவரை பரவியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

எப்போதும்வென்றான் பக்கம் போகிற சாலையிலிருந்து விலகி உள்ளே போனால் வருகிற ஊர் அது. பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் வீட்டைத் திறந்தால் வாழை, வாழைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கறுத்த மண்ணும், காய்ந்த மக்காச்சோளத் தட்டையும், தூரத்தில் சுற்றுகிற காற்றாலைகளும்தான். தார் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் மண் தடம். அதன் முடிவில் ஒரு பழைய மோட்டார் ரூம், அதையொட்டித் தகரமும் தார்ப்பாயும் போட்ட சாய்ப்பு. பதினான்கு பேர் அங்கே இருந்தார்கள். ஐந்து பேர் பெண்கள்.

வேன் நின்றதும் அவர்களில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், ஏழு மாத வயிற்றோடு ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பெயர் ஃபிலோமினா. எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றிக் கழுவிவிட்டாள். அவர்கள் ஊரில் வந்தவர் கையைக் கழுவிவிட்டால்தான் வரவேற்றதாக அர்த்தமாம். பன்னிரண்டு பேர், இருபத்துநான்கு கைகள். செம்பு தீரத் தீர உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். எங்களில் இருவர் அதை வீடியோ எடுத்தார்கள். "இன்னொருக்கா ஊத்தச் சொல்லு ஷைனி, வெளிச்சம் சரியா விழல" என்றார்கள். நானும் இந்தியில் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை ஊற்றினாள்.

பிறகு ஆன்டோ பைக்குள்ளிருந்து இந்தித் துண்டுப் பிரசுரங்களை எடுத்தான். இயேசு யார் என்று எளிய மொழியில் படத்தோடு விளக்குபவை. ஃபிலோமினா ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள், "டீச்சர், என் தாத்தா எங்கள் ஊர்க் கோயிலில் முப்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர்." கழுத்திலிருந்த ஜெபமாலையை வெளியே எடுத்துக் காட்டினாள். பதினான்கு பேரும் கத்தோலிக்கர்கள். இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது, கோயில் எங்கே இருக்கிறது என்று காட்ட ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் கதிர் ஒடிக்க வேண்டும் என்றாள். ஆன்டோ பிரசுரங்களைத் திரும்பப் பைக்குள் வைத்தான். இந்த ஒரு அசடு வழிதலோடு பயணம் முடிந்திருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை. இரவு கோவில்பட்டியில் தங்கிய நாங்கள் எட்டரை மணிக்குப் போய்ச் சேரும்போது சாய்ப்பு காலியாக இருந்தது. எல்லோரும் வெளிச்சம் வருவதற்கு முன்பே காட்டுக்குப் போயிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள். அவர்கள் வருவதற்குள் இடத்தைச் சுத்தம் செய்து பளிச்சென்று வைத்து ஆச்சரியப்படுத்துவோம் என்று முடிவு செய்தோம். பெருக்கினோம். குப்பையை எரித்தோம். சாய்ப்புக்குப் பின்னால் நான்கு நீல டிரம்கள் இருந்தன. வாயில் பழைய சேலைத்துணி கட்டி, அதன் மேல் பலகை வைத்து, பலகை மேல் கல்லும் வைத்திருந்தார்கள். ஆன்டோ ஒன்றைத் திறந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

"மக்கா, இங்க வந்து பாருங்க. புழு."

ஒரு டிரம்மில் கொசுப்புழு நெளிந்தது உண்மை. அடியில் வண்டல் இருந்ததும் உண்மை. மற்ற மூன்றில் எதுவும் நெளியவில்லை. ஆனால் சேவை செய்ய வந்தவர்களுக்குப் பாதி வேலை பிடிக்காது. நான்கையும் சாய்த்தோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு எங்கள் ஊரில் எல்லோரும் ஆன்டோ கொட்டினான், ஆன்டோ கொட்டினான் என்றார்கள். கொட்டியது நாங்கள் பன்னிரண்டு பேரும். கரிசலில் விரல் நுழைகிற அகலத்துக்கு வெடிப்புகள் இருந்தன. தண்ணீர் ஓடக்கூட இல்லை, வெடிப்புக்குள் இறங்கிப் போய்விட்டது. டிரம்களை மோட்டார்த் தண்ணீரால் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தோம். ஆன்டோ மோட்டார் ரூம் சுவரில் தேதி எழுதினான். பேனரைப் பின்னால் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டோம்.

பதினொன்றரை மணிக்கு, அந்த மாதத்தில் வரவே கூடாத ஒரு மழை வந்தது. கால் மணி நேரத் தூறல். பாத்திரம் நிறைய அது போதாது. ஆனால் கரிசல் மண்ணுக்கு அது தாராளம். தடம் முழுக்க இளகிக் களியாகிவிட்டது. அந்த மழையோடு ஆட்களும் திரும்பி வந்தார்கள், ஆளுக்கு இரண்டு கிலோ மண்ணைக் காலில் சுமந்துகொண்டு.

ஃபிலோமினா செம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு டிரம்மின் கவிழ்ந்த அடிப்பாகத்தில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"இதில் இருந்த தண்ணீர் எங்கே, டீச்சர்?"

சுத்தம் செய்தோம், கொசு இருந்தது என்றேன். நான் நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். இந்த ஊரில் குழாயில் நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறை வரும். கடைசியாக வந்தது முந்தாநாள். ஊர்க்காரர்கள் எல்லோரும் பிடித்து முடித்த பிறகு, குழாய் நூலாக ஒழுகும்போது, இவர்களை விடுவார்கள். பெண்கள் ஐந்து பேரும் மாறி மாறி நின்று, குடம் குடமாகத் தலையில் சுமந்து ஒன்றரைக் கிலோமீட்டர் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீர் அது. பதினான்கு பேருக்கும் குடிக்கவும் சோறு பொங்கவும் அடுத்த எட்டு நாளைக்கு இருந்தது அவ்வளவுதான். நேற்று எங்கள் கையைக் கழுவியதும் அதில் எடுத்த தண்ணீர்தான்.

இந்தியில் கேட்டதைத் தமிழில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியவள் நான். ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஆன்டோ சுவரில் எழுதியிருந்த தேதியைக் கையால் அழித்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

வேலையை மேற்பார்வை பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் குடையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னோம். "கொட்டுனா கொட்டிட்டுப் போவுது. மோட்டர்ல தண்ணி இருக்குல்லா, அதக் குடிக்கட்டும்" என்றார். அந்த போர்வெல் தண்ணீரை ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். கடலில் குளிக்கும்போது வாய்க்குள் போகுமே, அந்த உப்பு. "நீங்க குடிப்பீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நான் எதுக்குக் குடிக்கேன்? எனக்கு வீட்டுல குழாய் இருக்கு" என்றார், கேட்டவளின் அறிவைச் சந்தேகிக்கிற முகத்தோடு. இவர்கள் ஒடிக்கிற கதிர் லாரி லாரியாகக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அந்தக் கோழிக்கு எவனாவது உப்புத் தண்ணீர் வைப்பானா? செத்துப்போகும் என்று பயப்படுவான்.

கோவில்பட்டியில் கேன் தண்ணீர்க்காரர்களுக்குப் போன் போட்டோம். ஊர் பெயரைக் கேட்டதுமே, "மழ பெஞ்சிருக்கே, கரிசல்ல வண்டி எறங்காது. நாளைக்கு வெயிலடிச்சா பாப்போம்" என்றார்கள். அப்படியென்றால் நாமே போய் வாங்கி வருவோம் என்று வேனைக் கிளப்பினோம். நாற்பதடி போனதும் பின்சக்கரம் புதைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. காலையிலிருந்து குனிந்து கதிர் ஒடித்துவிட்டு வந்த ஒன்பது ஆண்கள் தட்டையைக் கட்டு கட்டாகச் சக்கரத்துக்கு அடியில் திணித்து, தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வேன் நகரவில்லை. தள்ளி முடித்தபோது அவர்களுக்கு நாக்கு வறண்டிருந்தது. எங்கள் பைகளில் இருந்த தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தோம். பாதி பாதி இருந்தது. பதினான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு மடக்கு வந்தது.

பிஸ்கட் பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன. தண்ணீர் இல்லாத வாயில் பிஸ்கட்டை யார் தின்பது?

மிச்சமிருந்த வழி நடைதான். அவர்களுடைய குடங்களை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் ஊருக்கு நடந்தோம். செருப்புகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. முதல் வீட்டில், எங்கள் கையில் குடத்தைப் பார்த்ததுமே கதவு சாத்தப்பட்டது. இரண்டாவது வீட்டில் ஒரு மனிதர் திட்டமாகக் கேட்டார், "அவியளுக்கு இங்கன ரேஷன் கார்டு இருக்கா, வீடு இருக்கா? எதுக்குத் தண்ணி குடுக்கணும்?" எங்கள் ஊரில் கிணற்றில் வாளி போட யாரும் யாரையும் கேட்பதில்லை. தண்ணீர் கேட்டு ஒரு வாசலில் நிற்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒருவன் முன்னால் தள்ளி விட, இன்னொருவன் பின்னால் ஒளிய, நாங்கள் நின்ற அழகைப் பார்த்தே பாதிப் பேர் இல்லை என்றிருப்பார்கள்.

நான்காவது வீட்டில் மாடத்தி அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். முற்றத்தில் மிளகாய் வற்றலை மழைக்கு அள்ளி வைத்துவிட்டு, எரிச்சலோடு திரும்பினார்.

"ஏட்டி, யாரு நீங்க எல்லாம் ஒண்ணுபோல மஞ்சச் சட்டைய மாட்டிக்கிட்டு?"

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வற்றல் அள்ளிய சுளகைக் கையிலிருந்து கீழே வைத்தார்.

"புழு கெடந்தா துணியப் போட்டு வடிகட்டணும். இல்லன்னா கொதிக்க வச்சுக் குடிக்கணும். தண்ணியக் கொட்டுவாவளா? படிச்சவியதான நீங்க?"

"தெரியாமச் செய்துட்டோம், அக்கா."

"தெரியாமன்னா? மூடி போட்டு, மூடி மேல கல்லத் தூக்கி வச்சிருந்தா என்ன அர்த்தம்? வேண்டாத பொருளுக்கு எவளாவது கல்லு வைப்பாளா?"

கல்லைத் தூக்கிக் கீழே வைத்தது நான்தான்.

திட்டிக்கொண்டேதான் இரண்டு குடம் மொண்டு ஊற்றினார். அதோடு விடவில்லை. "அந்த மாசமா இருக்கப் புள்ளயா? குழாயடியில கடைசி ஆளா நிக்குமே, அதுவா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் தெருவில் நடந்தார். சாத்திய கதவைக்கூடத் தட்டினார். "ஒரு குடம் ஊத்துங்க. இந்தக் கூறுகெட்டவிய அவிய தண்ணியக் கொட்டிட்டாவ" என்று ஒவ்வொரு வாசலிலும் எங்களை அறிமுகப்படுத்தினார். அரைக் குடம் ஊற்றியவர்கள் உண்டு. முகம் கொடுக்காமல் ஊற்றியவர்கள் உண்டு. கார்டு கேட்ட மனிதரின் மனைவி பின்வாசல் வழியாக ஒரு குடம் கொடுத்தார், "எங்க அவுகளுக்குச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லி.

இடுப்பில் ஒரு குடத்தோடு கரிசல் சேற்றில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடப்பது எப்படியிருக்கும் என்று நான் விளக்கப்போவதில்லை. நான் நடந்தது நான்கு முறை. இரண்டு முறை வழுக்கி விழுந்து பாதியைக் கொட்டினேன். ஆன்டோ எத்தனை முறை நடந்தான் என்று தெரியாது, கால் வெடித்து ரத்தம் கசிந்தபிறகும் குடத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. ஃபிலோமினா தானும் வருவேன் என்று குடத்தை எடுத்தாள். அவளை உட்காரவைக்க மற்ற பெண்கள் சண்டை போட வேண்டியிருந்தது. பொழுது சாயும்போது ஒன்றரை டிரம் நிறைந்தது. பலகையால் மூடினோம். கல்லை ஆன்டோ தூக்கி வைத்தான்.

அன்று இரவு வேனிலேயே படுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. தடம் கொஞ்சம் இறுகி, வேன் வெளியே வந்தது, கேன் வண்டியும் வந்தது. மீதி டிரம்களை நிரப்பினோம். அத்தோடு கடமை முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். எனக்கு ஆறவில்லை. கேன் தண்ணீர் ஒரு வாரம் வரும். அதற்குப் பிறகு அந்தப் பெண் நிறைமாத வயிற்றோடு மறுபடியும் ஒழுகுகிற குழாயடியில் கடைசியாக நிற்பாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன்.

"குழாயடி வரிசையில இவங்களுக்கும் ஒரு இடம் கொடுங்க, அண்ணாச்சி. கடைசியில இல்ல, நடுவுல."

"அவிய இன்னைக்கு இருப்பாவ, நாளைக்குப் போவாவ. ஊர்க்காரவியளுக்கே பத்த மாட்டேங்கு."

"இருக்கிற வரைக்கும் தாகம் எடுக்கும்ல?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க ஆறு ஓடுத சீமையில இருந்து வருதீங்க. தண்ணியப் பத்தி எங்களுக்குப் பாடம் சொல்ல வந்துட்டீங்க. நாலு டிரம்மக் கொட்டுனது ஊர்க்காரவியளா, நீங்களா?"

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் வாயை அடைத்ததுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். நாங்கள் முட்டாள்கள் என்பதால் அவர்கள் செய்வது நியாயம் ஆகிவிடுமா? நாங்கள் ஒரு நாள் கொட்டினோம். பத்து நாளைக்கு ஒரு முறை, எல்லோரும் பார்க்க, அவர்களை வரிசையின் வாலில் நிறுத்துகிறவர்கள் யார்? இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வழக்கம்போல வேனில் ஏறிய பிறகுதான் வார்த்தை வந்தது.

மாடத்தி அக்காவிடம் போய்ச் சொன்னேன். வற்றலை மீண்டும் வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அந்தாளு அப்படித்தான் பேசுவாரு. அடுத்த மட்டம் தண்ணி வரும்போது என் குடத்துக்குப் பின்னால அவ குடம் நிக்கும். எவன் எடுத்து வைக்கான்னு பாப்போம். நீ ரயிலுக்குப் போ."

ஊர் திரும்பிப் பத்து நாளில் பங்கு மடல் வந்தது. கடைசிப் பக்கத்தில் வண்ணப்படம். மஞ்சள் டீசர்ட்டில் பன்னிரண்டு பேர், பின்னால் பேனர், முன்னால் கவிழ்த்து வைத்த நான்கு நீல டிரம்கள். வடமாநிலத் தொழிலாளருக்கு நம் இளையோரின் உதவிக்கரம் என்று தலைப்பு. நானும் ஆன்டோவும் நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தோம். இடமில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். சண்டை போட்டேன். "நல்ல காரியம் செய்யப்போன பிள்ளைகளோட பேரு கெடணுமா?" என்று கேட்டார்கள். கெடட்டும் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

மடல் வந்த வாரமே ஃபிலோமினா போன் செய்தாள். குழாயில் தண்ணீர் வந்ததாம். மாடத்தி அக்கா சொன்னபடியே இவள் குடத்தைத் தன் குடத்துக்குப் பின்னால் வைத்தாராம். யாரோ அதை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார்கள். அக்கா மறுபடியும் வரிசையில் வைத்தாராம். மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். கடைசியில் அக்கா குழாய்க்கு முன்னாலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். பெரிய சத்தமாம். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒன்பது குடம் கிடைத்தது, அதுவும் நூலாக ஒழுகுவதற்கு முன்னால் என்றாள். அடுத்த முறை என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள் என்றெல்லாம் நான் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். போனை வைக்கப்போகும்போது ஞாபகம் வந்தவள்போல நிறுத்தினாள்.

"மறுபடியும் வருவீங்கதானே, டீச்சர்? வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே சொல்லிடுங்க. உங்க எல்லாருக்கும் கை கழுவத் தண்ணி சேர்த்து வைக்கணும்."